பெரிய துரையும் பரம பிதாவும்



'கிறிஸ்தவ இறையியலில் கடவுளின் இயல்பு' என்று இந்த வட்டகொடைக் கூட்டத்தில் பேசத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தந்தவர்கள் இலக்கியக்காரர்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநீறு பூசியவர்கள். நானோ தேவாலயத்தில் வேதம் வாசிக்கிற ஆள். பட்டம் வாங்கிய இறையியலாளன் இல்லை. ஆகவே யாரும் பயப்பட வேண்டாம். மதம் மாற்றவும் வரவில்லை, பரீட்சை வைக்கவும் வரவில்லை.

கடவுளின் இலட்சணங்கள் எவை என்று எங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளையைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். சர்வவல்லவர், சர்வஞானி, எங்கும் நிறைந்தவர், நித்தியர், மாறாதவர், பரிசுத்தர், நீதிபரர், அன்பானவர். 1647-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதிய வினாவிடையிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதையே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரித்தார். சைவர்களுக்கும் எண்குணம் உண்டு. வள்ளுவரும் முதல் அதிகாரத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். பட்டியலில் நமக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை.

எனக்குள்ள சங்கடம் வேறு. 'சர்வவல்லவர்' என்று காதில் விழுந்ததும் நம் மனதில் எந்த முகம் வருகிறது? உண்மையைச் சொல்லுங்கள். மலை உச்சியில் பங்களா. பங்களாவுக்குக் கீழே ஆபீஸ், தேயிலை அரைக்கிற இஸ்டோர், பிறகு நாம் குடியிருக்கிற லயம். அவர் வருகிறார் என்றால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவரிடம் நேரே பேச முடியாது. கங்காணி வழியாகக் கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளை வழியாகச் சின்னத் துரை, அதற்கும் மேலே பெரிய துரை. அவர் நினைத்தால் வேலை. அவர் முகம் சுளித்தால் பற்றுச்சீட்டு, வேலை போய்விடும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மலையில் வல்லமை என்றால் அதுதான். இந்தப் பெரிய துரைக்கு மேல் இன்னொரு மிகப்பெரிய துரை வானத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கும்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: கடவுளைத் துரையாக்கிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பம் தானாக வந்ததும் இல்லை. 1850-களில் கண்டிப் பக்கம் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று ஒன்று தொடங்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். சங்கம் நடத்தியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்மார் வந்தார்கள். லயம் லயமாக நடந்தார்கள், எழுத்தறிவித்தார்கள், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் செலவுக்குத் துரைமாரும் சந்தா கொடுத்தார்கள். சந்தா கொடுக்கிறவருடைய தோட்டத்தில் நின்றுகொண்டு, எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளைக் கடவுள் விடுதலையாக்கிய கதையை எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க முடியும்? கீழ்ப்படிதலைப் பற்றிய பிரசங்கம் கூடுதலாகவும், யாத்திராகமம் கொஞ்சம் குறைவாகவும் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கடவுள் மோசேயிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அங்கே அவர் தம் வல்லமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. வேலை வாங்குகிறவர்களின் கொடுமையால் என் மக்கள் இடுகிற கூக்குரல் எனக்குக் கேட்டது, அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், இறங்கி வந்திருக்கிறேன் என்கிறார். கேட்கிறார், அறிகிறார், இறங்குகிறார். எங்கள் கடவுளின் குணாதிசயங்களை நான் இங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். பட்டியலிலிருந்து தொடங்க மாட்டேன்.

நாங்கள் ஞாயிறுதோறும் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தையும் பாருங்கள். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்து, 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் விரிவாக்கிய பிரமாணம் அது. சர்வவல்லமையுள்ள பிதா என்று தொடங்கும். அத்தனை பெரிய அறிக்கையில் அரசாங்க உத்தியோகத்தர் ஒரே ஒருவருடைய பெயர்தான் வருகிறது. பொந்தியு பிலாத்து. படை, நீதிமன்றம், சவுக்கு எல்லாம் பிலாத்தின் கையில் இருக்கின்றன. கடவுள் என்று நாங்கள் சொல்கிறவரோ கைகட்டப்பட்டுக் குற்றவாளியாக அவன் முன்னால் நிற்கிறார். வல்லமை எந்தப் பக்கம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'சர்வவல்லவர்' என்று உச்சரிக்கிறவன் பிலாத்தைத்தான் கும்பிடுகிறான் என்பேன்.

எங்கும் நிறைந்தவர் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நம் சனங்களுக்குத் தெரியும். கடலைத் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிஞ்சி இங்கே வந்தவர்கள், சாமியை அக்கரையில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைக்கவில்லை. கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துச் சாமி, இஸ்டோரில் சுற்றுகிற சக்கரத்துக்கு ரோதமுனி என்று வேலைத்தலத்திலேயே அவரை இருத்திவிட்டார்கள். எங்கள் பாதிரிமார் சிலர் இதைக் கண்டு முகம் சுளித்திருப்பார்கள். என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குள் மட்டும் கடவுளைத் தேடுகிறவனைவிட, கத்தியைத் தீட்டும்போது அவரை நினைக்கிறவனுக்கு இந்த இலட்சணம் நன்றாகப் புரிந்திருக்கிறது.

சர்வஞானம் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லாம் அறிந்தவர் என்றால் எப்படி அறிந்தவர்? நம்மை எல்லோரும்தான் அறிந்து வைத்திருந்தார்கள். செக்ரோல் பதிவேட்டில் பேர் இருந்தது, இலக்கம் இருந்தது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, நாடற்றவர் ஆனோம். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரசாங்கங்களுக்கு நம்மைத் தெரியாமல் இல்லை. ஆயிரக் கணக்கில் தெரிந்திருந்தது. அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி இன்னொரு கணக்கிலும் விழுந்து, தலைமன்னார்த் துறையில் பிரிந்து அழுத வீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை!

வேதத்தில் ஆகார் என்று ஒரு பெண் வருகிறாள். எகிப்துக்காரி. அயல் நாட்டில் அடிமை வேலை. எஜமானி படுத்தின பாட்டைத் தாங்க முடியாமல், வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அதுவரைக்கும் எஜமானியும் எஜமானும் அவளை 'அடிமைப்பெண்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கதையில் முதன்முதலாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் கடவுளுடைய தூதனின் குரல். அப்போது அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். ஆபிரகாமுக்கு வராத துணிச்சல் இது. கடவுளுக்குப் பெயர் சூட்டிய முதல் ஆள் வேதத்தில் ஒரு கூலிக்காரப் பெண். எங்கள் இறையியல் கல்லூரிகளில் அக்வினாஸைப் படிக்கிற அளவுக்கு ஆகாரைப் படித்திருந்தால் சபையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதை இந்த ஊரில் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மடக்கொம்பரையில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் ஊர் இது. 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். மறு வருஷமே அவரைத் தெரிவு செய்த சனங்களின் குடியுரிமைக்குச் சட்டத்தில் உலை வைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கிய கவிதை எதைப் பற்றியது? தேயிலைத் தூருக்கடியில் பேரில்லாமல் புதைந்து போனவர்களைப் பற்றியது. பொகவந்தலாவை சென் மேரீஸ் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். 1879-இல் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளரின் கல்லறை அங்கே இருக்கிறது. வெள்ளைக்காரரின் கல்லறையில் பேர், பிறப்பு, இறப்பு எல்லாம் கல்லில் பொறித்திருக்கும். நம் பாட்டன் பாட்டிக்குக் கல் ஏது? அந்தப் பேரற்றவர்களைப் பற்றி எழுதியவர் சி.வி. இறையியல் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ சர்வஞானத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைத்ததில்லை.

அடுத்தது நீதி. பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வாருங்கள். காலையிலிருந்து நிரை பிடித்து எடுத்த கொழுந்து. கொக்கியில் சாக்கை மாட்டுகிறார்கள். முள் ஓடி நிற்குமுன்பே ஓர் இலக்கம் சொல்லப்படுகிறது. சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு. மழை பெய்ததால் தண்ணிக்கு இரண்டு கிலோ. 18 கிலோ இருந்தால் பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப்பேர். அம்மா தராசைப் பார்க்கிறாள், எழுதுகிற கணக்கப்பிள்ளையின் கையைப் பார்க்கிறாள், ஒன்றும் பேசாமல் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். நீதிமொழிகள் சொல்கிறது, கள்ளத்தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று. நியாயப்பிரமாணம், கூலிக்காரனின் கூலியைப் பொழுது அஸ்தமிக்குமுன் கொடுக்கச் சொல்கிறது. யாக்கோபு ஒருபடி மேலே போகிறார்: பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறதாம், அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதுக்கு எட்டிவிட்டதாம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருஷம் றோட்டில் உட்கார்ந்தோம்! 2021-இல் வர்த்தமானி வந்தது. 2024-இல் 1,350 ஆனது. கடவுள் பரிசுத்தர் என்றால் இந்தக் கிலோக் கணக்குக்கு அப்பால் எங்கோ வெண்மையாக மிதப்பவர் என்று அர்த்தமில்லை. அவருடைய பரிசுத்தம் தராசு முள்ளைப் பார்க்கிற பரிசுத்தம்.

இனிக் கொஞ்சம் சிக்கலான இடம். ஆங்கிலிக்கன் சபைக்கு முப்பத்தொன்பது கோட்பாடுகள் உண்டு. 1571-இல் முடிவானவை. அவற்றில் முதலாவதே, கடவுளுக்கு உடலில்லை, உணர்ச்சிகளின் தாக்கமில்லை என்கிறது. கடவுள் துன்பப்பட முடியாதவர் என்பது கிரேக்கர் காலத்திலிருந்தே வருகிற கொள்கை. கேட்டவுடன் கோபம் வருகிறது, இல்லையா? நம் துன்பம் தொடாத கடவுள் நமக்கு எதற்கு?

அவசரப்படாதீர்கள். அந்தப் பழைய ஆட்கள் முட்டாள்கள் இல்லை. துரைக்கு மனநிலை மாறும். கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால் இங்கே ஏச்சு விழும். கடவுளுக்கு அப்படி இல்லை, அவருடைய அன்பு ஏறி இறங்குவதில்லை, கையூட்டுக்கும் முகஸ்துதிக்கும் அசையாது என்பதைத்தான் அவர்கள் காக்கப் பார்த்தார்கள். எஜமானின் மனநிலையை நம்பிப் பிழைத்த சனத்துக்கு இந்த மாறாத தன்மையின் அருமை புரியும்.

ஆனால் சிலுவை இருக்கிறதே! அலெக்சாந்திரியாவின் சிரில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தார்: துன்பத்துக்கு எட்டாதவரே துன்பப்பட்டார் என்று. தர்க்கத்துக்கு அடங்காது, அவர் அடக்க முயலவும் இல்லை. போரில் தோற்றுச் சாம்பலான ஜப்பானில், 1946-இல், கிட்டமோரி என்பவர் கடவுளின் வலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியில் மோல்ட்மான். 1943-இல் ஹம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, பக்கத்தில் நின்ற நண்பன் செத்து விழ, இவர் பிழைத்தார். ஏன் பிழைத்தேன் என்ற கேள்வியைச் சுமந்துகொண்டே போய், 1972-இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதினார். நம் நாட்டிலேயே களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகள் சொல்கிறார்: பணத்துக்கும் கடவுளுக்கும் தீராப் பகை, ஏழைக்கும் கடவுளுக்கும் முறியாத உடன்படிக்கை. அதே 1972-இல் கண்டியில் 'சத்யோதய'வைத் தொடங்கித் தோட்ட மக்களோடு நின்ற போல் கஸ்பர்ஸ் அடிகளையும் இங்கே சிலருக்கு நினைவிருக்கும்.

நான் சிரிலின் பக்கம். மாறாதவர் என்பதையும் விடமாட்டேன், சிலுவையில் வலித்தது என்பதையும் விடமாட்டேன். வலியை விட்டால் கடவுள் துரையாகிறார். மாறாமையை விட்டால் நம்மோடு அழுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத ஒருவராகிறார்.

ஓர் எச்சரிக்கை: எல்லாத் துன்பத்தையும் கடவுள் மேல் போட்டுவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்றைக்கும் 'கடவுள் சித்தம்' என்று சொன்னவர்கள் உண்டு. அந்த இடம் சரியும், ஆட்களை வேறிடத்தில் குடியேற்றுங்கள் என்று முன்பே எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. காகிதத்தில் இருந்ததைச் செய்யாமல் விட்டவர்களின் பழியைத் தூக்கிக் கடவுள் தலையில் வைப்பது பக்தியா? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு கதை. இயேசு சொன்னது, மத்தேயு இருபதாம் அதிகாரம். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கும் போகிறார். பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும், கடைசியில் வேலை முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போதும் போகிறார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். வாருங்கள் என்கிறார். பொழுது சாய்கிறது. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடைசியில் வந்தவனிலிருந்து சம்பளம் போடச் சொல்கிறார். ஒரு மணித்தியாலம் வேலை செய்தவனுக்கும் முழுப்பேர். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் முழுப்பேர். அரைப்பேர் என்ற பேச்சே அந்தத் தோட்டத்தில் இல்லை. காலையில் வந்தவர்கள் கூச்சல் போடுகிறார்கள். நான் நல்லவனாய் இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்கிறார்.

கடவுள் இப்படிப்பட்டவர் என்று இயேசு சொல்கிறார். கூச்சல் போட்டவர்களின் கட்சியிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. முன்வரிசையில் தொழிற்சங்கத் தலைவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். இந்தத் தோட்டக்காரரோடு கூட்டு ஒப்பந்தம் பேசச் சொன்னால் எந்தப் பக்கம் நின்று பேசுவீர்கள்? மேடைக்கு வந்து சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.