வயலைத் தூர்த்தால் கிணறும் தூரும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீடு கட்டுவதை எதிர்ப்பதற்காக நாம் இங்கே கூடவில்லை. குடியிருக்க ஒரு மனை வேண்டுமென்பது எவருக்கும் உள்ள நியாயமான ஆசை. அம்மனையை எங்கே அமைப்பது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்தை அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்வெளிகளினூடே கொண்டுசென்று, அராலியிலே கடனீரேரியிற் சேர்ப்பது அது. கந்தரோடையிலே 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பின் சான்றுகள் வெளிப்பட்டன. அத்துணைப் பழமை வாய்ந்த மண் அது. அதன் பசுமை நேற்று முளைத்ததன்று.

நம் காலடியிலே இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. அந்த நன்னீரைத்தான் கிணறுகளிலே அள்ளுகின்றோம். வரம்பு கட்டிய வயலிலே தேங்கும் நீரே கோடையில் வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் ஊற்றாக வருகின்றது. வயல் நெல்லை மாத்திரம் விளைவிக்கவில்லை, தண்ணீரையும் விளைவிக்கின்றது. அதனைக் கிறவலிட்டு மேடாக்கினால் நீர் இறங்கும் வாசல் அடைபடும். நன்னீர் குறையக் குறைய அடியிலுள்ள உவர் மேலேறும்.

மேடாக்கிய காணியிலே நிற்க முடியாத வெள்ளம் அயலவன் முற்றத்துக்கே போகும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி கொணர்ந்த மழையிலே குடாநாடு வெள்ளக்காடானதை நாம் மறந்துவிடவில்லை. வெள்ளத்துக்கு உறுதிப் பத்திரம் தெரியாது, பள்ளந்தான் தெரியும்.

"காணியில்லாதவன் எங்கே போவான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1990 முதல் வலிகாமம் வடக்கிலே மக்கள் இழந்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை. அவை குடியிருந்த காணிகள், செம்மண் தோட்டங்கள். அவற்றை விடுவிக்கக் கேட்பதும் வயலைக் காக்கக் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு கைகள். மேட்டு நிலத்தை மீட்டால் பள்ள நிலம் பிழைக்கும்.

சட்டம் இல்லையா? உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை எவரும் நிரப்பலாகாது. ஆயினும் சட்டம் தானாக நடக்காது. அதனை நடத்த மனிதர் வேண்டும். இலண்டனருகே எப்பிங் காட்டைத் தனியார் துண்டுதுண்டாக வேலியடைத்தபோது, விறகு வெட்டும் உரிமையை விட்டுக்கொடாத எளிய குடிகள் சிறை சென்றனர். இலண்டன் நகரசபை வழக்காடியது. 1878இல் சட்டம் பிறந்தது. அக்காடு இன்றும் காடாகவே நிற்கின்றது. ஏழையின் உறுதியும் படித்தவரின் வாதமும் கைகோத்ததனால் வந்த வெற்றி அது.

இங்கும் அக்கூட்டு வேண்டும். நொத்தாரிசுமாரே, உறுதி எழுதுமுன் அது நெற்காணியா என்று பாருங்கள். நில அளவையாளரே, வாய்க்காலை வரைபடத்திலிருந்து மறையவிடாதீர்கள். பொறியியலாளரே, மேட்டு நிலத்திலே மாடி வீட்டுக்கு வழி சொல்லுங்கள். பிரதேச சபையாரே, வயலிலே எழும் கட்டடத்துக்கு ஒப்பமிடாதீர்கள். கமக்காரரே, முதல் மண்பாரம் இறங்கும் அன்றே உங்கள் அமைப்பின் மூலம் எழுத்திலே முறையிடுங்கள். அத்திவாரம் இட்டபின் அழுது பயனில்லை.

விற்ற காணியைப் பொருள் தேடி மீண்டும் வாங்கலாம். உவரான கிணற்றை எந்தப் பொருள் கொடுத்தும் நன்னீராக்க முடியாது. இந்த மாரி வருமுன் ஊருக்கு ஊர் இதனை எடுத்துச் சொல்வோம். வயலைக் காப்போம், தண்ணீரைக் காப்போம்!