ஓலையும் சிலேற்றும்

எழுத்தாணியால் ஓலையிற் கீறிய எழுத்தைத் துடைத்து நீக்க இயலாது. சிலேற்றில் எழுதியதையோ ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். இவ்விரு இயல்புகளும் ஒரு சிறு கணினிப் பலகையில் ஒருங்கே அமைந்துள்ளன. இதனை உணர்ந்தவர்க்கு, அப்பலகையில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவும் வேலை அச்சந்தராது.

பீகிள்போன் பிளாக் என்பது 2013ஆம் ஆண்டு வெளிவந்த கணினிப் பலகை. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகை, திரையும் விசைப்பலகையும் இன்றியே ஓர் இயந்திரத்தினுள் அமர்ந்து அதனை இயக்கவல்லது. அதிற் பொருத்தப்பட்ட பிளாஷ் நினைவகம் முதலில் 2 கிகாபைற்று; 2014இல் அது 4 கிகாபைற்றாக உயர்ந்தது.

பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர், யப்பானிலே தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்பார். 1984இல் அவர் அதனை அறிஞருலகிற்கு அறிவித்தார். மின்சாரம் நின்றாலும் எழுதியது நிலைத்திருத்தல் அதன் சிறப்பு. ஆயினும், அங்கே ஓரெழுத்தை மட்டும் அழித்தல் இயலாது. ஒரு பகுதி முழுவதையும் ஒருசேரத் துடைத்த பின்னரே புதிதாக எழுதலாம். ஒளிப்படக் கருவியின் பளிச்சிடும் விளக்கைப் போல ஒரு கணத்தில் அழித்தலாலேயே அப்பெயர் வாய்த்தது. ஆதலால், புதிய முறைமையை நிறுவுமுன் பழைய தரவுகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

நிறுவும் முறை எளிது. பலகையின் நினைவகத்துக்குத் தன்னைத் தானே பெயர்த்தெழுதும் வகையான லினக்ஸ் படிமத்தை, வேறொரு கணினியின் உதவியால் நகமளவான நினைவக அட்டையில் முதலில் எழுதுவர். சாதாரண கோப்பைப்போல அதனைப் படியெடுத்து வைத்தாற் போதாது. அட்டையின் தொடக்கம் முதல் ஒழுங்காக எழுதும் செய்நிரல் வேண்டும். பின்னர், மின்னிணைப்பில்லாத பலகையில் அட்டையைச் செருகி, அதன் அருகேயுள்ள சிறு பொத்தானை அழுத்தியவாறே மின்னிணைப்பைக் கொடுப்பர். மின்சாரம் பாய்ந்த பின் அழுத்துவதாற் பயனில்லை. நான்கு நீல விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். வேலை முடிந்ததும் அவ்வோட்டம் நிற்கும். அப்போது மின்னை நிறுத்தி அட்டையை அகற்றல் வேண்டும். அகற்றாவிடின் அழித்தெழுதும் வேலை மீண்டும் தொடங்கிவிடக்கூடும்.

விளக்குகள் ஓடும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் யாது நேரும்? பழைய முறைமை அழிந்துவிட்டது, புதியது நிறைவுறவில்லை. ஆயினும் பலகை சாகவில்லை. முறைவழியாக்கியின் உள்ளே, ஆலையிலேயே பொறிக்கப்பட்ட சிறு செய்நிரல் ஒன்றுண்டு. அதுவே ஓலை. அதனை எவராலும் அழிக்க முடியாது. பொத்தானை அழுத்தி மின் கொடுத்ததும் அது விழித்தெழுந்து, அட்டையிலுள்ள தொடக்கச் செய்நிரலைத் தேடி இயக்கும். அச்செய்நிரல் லினக்ஸின் கருவை அழைக்கும். வேலையை மறுபடியும் தொடங்கலாம்.

எல்லாக் கருவிகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. வீடுகளில் இணையத்தைப் பகிரும் வழிப்படுத்திகள் பலவற்றில், தொடக்கச் செய்நிரலும் அழியக்கூடிய பிளாஷ் நினைவகத்திலேயே உள்ளது. அதனை மாற்றும்போது மின்சாரம் நின்றால், கருவி தொடங்கவும் வழியின்றிக் கிடக்கும். அதனைச் செங்கல்லாகிவிட்டது என்பர் தொழில் வல்லுநர்.

ஆகவே, அழிக்கத் தொடங்குமுன் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இக்கருவியில் ஓலை எங்கே இருக்கின்றது? அதனை அறிந்தவன் சிலேற்றை அஞ்சாது துடைக்கலாம்.