மீண்டும் வந்த ரமணிகள்

விரும்பிக் கண்ட நகைச்சுவைத் தொடர் ஒன்று சில காலம் கழித்து மறுபடியும் தொடங்குமானால், மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழுகின்றது. பழைய சுவை அதில் இருக்குமோ?

1998-ஆம் ஆண்டில் இயக்குநர் நாகா, 'ரமணி வெர்சஸ் ரமணி' என்னும் தொடரைத் தொலைக்காட்சிக்கு அளித்தார். கணவன் பெயரும் ரமணி. மனைவி பெயரும் ரமணி. பிருத்விராஜும் வாசுகியும் நடித்தனர். வீட்டுக்கு வீடு நிகழும் சிறு பூசல்களே கதை. பாலக்கோட்டில் எங்கள் இல்லத்தில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது; அண்டை வீட்டாரோடு அமர்ந்து சிரித்தோம்.

இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்சினியும் ரமணிகளாயினர். "இவர்களா ரமணிகள்?" என்று என் தாயார் முகஞ்சுளித்தார். யானும் அவர் கட்சியே! இரண்டு வாரம் பிடிவாதமாகப் பாராதிருந்தோம். மூன்றாம் வாரம் அண்டை வீட்டுச் சிரிப்பொலி சுவர் கடந்து வந்தது. தாயார் எழுந்து சென்றுவிட்டார்.

சென்று பார்த்தால், முகங்கள்தாம் வேறு. இயக்குநர் அவரே. தோற்றவர் தோல்வியை ஒப்பாமல் வாதாடும் அந்தப் பேச்சும் அப்படியே இருந்தது. நாங்கள் நேசித்தது அந்தப் பூசலைத்தான் போலும்.

2022-இல் 'ஆஹா' இணையத்தளத்தில் மூன்றாம் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகத்து ராம்ஜிக்கு முதற்பாகத்து வாசுகி மனைவி! விந்தையான சம்பந்தந்தான். செல்பேசியில் அதனைத் தாயாருக்குக் காட்டினேன். பழைய வாசுகியைக் கண்டு பூரிப்பார் என்று எண்ணினேன். சிறிது நேரம் சிரித்துப் பார்த்தவர், நிமிர்ந்து கேட்டார்:

"அது சரி, அந்தத் தேவதர்சினி எங்கே?"