கன்சோல் கேமுக்கு எந்த ஓஎஸ், எந்த மொழி?

எனக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கிறேன். "லேப்டாப்ல லினக்ஸ் இருக்கு. பிளேஸ்டேஷனுக்கு கேம் பண்ணணும். ரஸ்ட் கத்துக்கவா, சி பிளஸ் பிளஸ் கத்துக்கவா?" இதை யோசிச்சே ரெண்டு செமஸ்டர் ஓட்டினவங்க இருக்காங்க. என் பதில்: கன்சோல்ல இந்த முடிவு பெரும்பாலும் நம்ம கையில இல்லை. அது புரிஞ்சா பாதிக் குழப்பம் போயிடும்.

முதல்ல ஓஎஸ். கன்சோலுக்குள்ள ஓடுறது ஒண்ணு, நம்ம மேசையில ஓடுறது இன்னொண்ணு. பிஎஸ்4-இன் ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையா வச்சு செஞ்சது. எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் குடும்பம். ஸ்விட்ச்சுக்கு நிண்டெண்டோவோட சொந்த மைக்ரோகெர்னல். அப்போ மேசையிலயும் மூணு ஓஎஸ் வேணுமா? வேண்டாம். மூணு கன்சோலுக்கும் டெவலப்மென்ட் டூல்ஸ் முக்கியமா விண்டோஸ், விஷுவல் ஸ்டுடியோவைச் சுற்றித்தான் இருக்கு. ஆனா முழு எஸ்டிகே சும்மா டவுன்லோட் பண்ணக் கிடைக்காது. டெவலப்பரா பதிவு பண்ணி, ரகசியக் காப்பு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட பிறகுதான் தருவாங்க.

அடுத்து மொழி. செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடணும்னா, ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிறது 16.7 மில்லி செகண்ட். அதுக்குள்ள இயற்பியல், ஏஐ, ஒலி, படம் எல்லாம் முடியணும். நடுவுல கார்பேஜ் கலெக்டர் வந்து மெமரியைப் பெருக்க ஆரம்பிச்சா, ஸ்கிரீன் ஒரு நொடி திக்கும். முதல் ஸ்விட்ச்ல மொத்த மெமரியே 4 ஜிபி. அதனாலதான் சி பிளஸ் பிளஸ். இன்னொரு காரணமும் இருக்கு: கன்சோல் கம்பெனி கொடுக்கிற கம்பைலரும் லைப்ரரிகளும் அந்த மொழிக்குத்தான். வேற மொழி வேணும்னா, யாராவது அதை அந்த மெஷினுக்குக் கொண்டுவந்து, தொடர்ந்து பராமரிக்கணும்.

நாட்டி டாக் அதைச் செஞ்சு பார்த்தாங்க. 2001-இல் பிஎஸ்2-க்கு வந்த 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' கேமை, ஆண்டி கேவின் உருவாக்கின கோல் என்கிற லிஸ்ப் வகை மொழியில எழுதினாங்க. கேம் ஓடிட்டு இருக்கும்போதே கோடை மாத்தலாம். ஆனா வெளியில யாருக்கும் தெரியாத மொழி. புதுசா சேர்றவங்க முதல்ல அதைக் கத்துக்கணும், மத்த ஸ்டுடியோக்களோட கோடைப் பகிரவும் முடியாது. பிஎஸ்3-இல் 2007-ஆம் வருஷ 'அன்சார்ட்டட்' வரும்போது எஞ்சின் சி பிளஸ் பிளஸுக்கு மாறிடுச்சு. ஆனாலும் ஸ்கிரிப்டிங்ல ஒரு லிஸ்ப் வகை மொழியை விடாம வச்சிருந்தாங்க. அடித்தளம் கம்பெனி சொல்ற மொழியில, அதுக்கு மேல நமக்கு வசதியான மொழியில.

"அப்போ சி ஷார்ப்?" தாராளமா. 'ஸ்டார்ட்யூ வேலி', 'செலஸ்ட்' ரெண்டும் சி ஷார்ப்தான். ஓடும்போதே கம்பைல் பண்றதைக் கன்சோல்கள் பொதுவா அனுமதிக்காது. அதனால யூனிட்டியோட ஐஎல்2சிபிபி, நம்ம சி ஷார்ப் கோடை முன்கூட்டியே சி பிளஸ் பிளஸா மாத்திடுது. கோடோ ஓப்பன் சோர்ஸ் எஞ்சின். ரகசிய எஸ்டிகே கோடைப் பொதுவெளியில வைக்க முடியாதுங்கிறதால, கன்சோலுக்குப் போக பெரும்பாலும் போர்ட்டிங் பண்ற கம்பெனிகளை நாடுவாங்க.

ஸ்டார்ட்யூவை எரிக் பரோன் தனி ஆளா 4 வருஷத்துக்கு மேல உழைச்சு உருவாக்கினார். 2016 பிப்ரவரியில பிசிக்கு வந்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும். கன்சோலுக்கு மாத்தினது வேற ஸ்டுடியோ. மாத்துறதுக்கு முடிஞ்ச ஒரு கேம் கையில இருந்தது, அதான் விஷயம்.

அதனால லினக்ஸை அழிக்க வேண்டாம். சி ஷார்ப்போ சி பிளஸ் பிளஸோ, தெரிஞ்சதுல ஒரு சின்ன கேமை பிசியில முடிங்க. ஃபைல் சேவ், கன்ட்ரோலர், கிராஃபிக்ஸ் மாதிரி மெஷினைத் தொடுற கோடை மட்டும் தனி ஃபோல்டர்ல வைங்க. ஃபிரேம் நேரத்தை முதல் நாள்லயே ஸ்கிரீன் மூலையில காட்டுங்க. போர்ட் பண்ணும்போது அந்த ஒரு ஃபோல்டரைத் திரும்ப எழுதினா பெரும்பாலான வேலை முடிஞ்சிடும். போன செமஸ்டரைத் திரும்ப எழுத முடியாது.