கம்பெனிக்கு நல்ல தண்ணி, கழனிக்கு மருந்துத் தண்ணியா?

(மாடம்பாக்கம் விவசாயிகள் கூட்டத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)



2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் அதுக்குள்ள போயிருச்சு. கழனி மனையாச்சு, மழைத்தண்ணி வந்த கால்வாயில சாக்கடை வருது.

"சுத்திகரித்துத்தானே விடுகிறோம்" என்கிறார்கள் அதிகாரிகள். எதைச் சுத்திகரிக்கிறீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். விழுங்குற மாத்திரை முழுசும் உடம்புல கரையறதில்ல. ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது. சோப்பு, ஷாம்பு ரசாயனமும் அதோடு சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதி, நுண்ணுயிரை வளர்த்து, அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள். பாராசிட்டமாலை அது பெரும்பாலும் தின்றுவிடும். வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைனை ஏறக்குறைய தொடாது.

2011-ல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் இந்த மருந்தையும், சோப்பில் சேர்க்கும் ட்ரைக்ளோசானையும் கண்டறிந்து வெளியிட்டார்கள். இஸ்ரேலில் சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்கள் சிறுநீரிலும் கார்பமாசெபைன் இருந்ததை 2016-ல் சொன்னார்கள். அளவு கொஞ்சம்தான், பீதி வேண்டாம். ஆனா நாளைக்கு நம்ம கீரையை சந்தையில வேணாம்னு தள்ளுனா நட்டம் யாருக்கு?

வழி இல்லாமல் இல்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தினம் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் திறந்தார்கள். ஆர்.ஓ. மருந்தையும் பெருமளவு பிடித்துவிடும். அந்தத் தண்ணி போறது எங்கே? மணலி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு! இயந்திரத்துக்குக் காட்டுற அக்கறை பயிருக்கு வேண்டாமா?

அவ்வளவு செலவுகூட வேண்டாம். ஓசோன் வாயு செலுத்தியோ, வீரியமூட்டிய கரியில் வடித்தோ மருந்தை நீக்கலாம். சுவிட்சர்லாந்து 2016-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பெனிகளே ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. லாபம் எடுக்கிறவன்தான் செலவையும் ஏற்கணும். அதுதானே நியாயம்!

நமது கோரிக்கைகள்:

1. ஏரி, வரத்துக் கால்வாய்களில் சாக்கடை விடுவதை உடனே நிறுத்து!
2. பாசனத்துக்கு வரும் சுத்திகரித்த நீரில் மருந்து எச்சத்தைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஒட்டு!
3. ஓசோன் அல்லது கரி வடிப்பு அமை! செலவைக் கம்பெனிகளிடம் வசூல் செய்!

நாமும் காலாவதி மாத்திரையை, மாட்டு மருந்தை வாய்க்காலில் கொட்டக்கூடாது.

ஏரியைக் காப்போம்! ஒன்றுபடுவோம்! வெற்றி பெறுவோம்!