சம்பளப் பாக்கியும் ஓர் அரசின் பிறப்பும்



விடுதலைக்குப் பின் அரசமைத்தல் என்ற பொருளில் கூடியிருக்கிறோம். தலைமை உரை என்றால் பல நாடுகளையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு நாட்டின் பத்தாண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனை எதிர்த்து வென்ற அமெரிக்கக் குடியேற்றங்கள் 1781க்கும் 1791க்கும் இடையே தமக்கென ஒரு தேசிய அரசை எப்படி உண்டாக்கின என்பதே என் பொருள்.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸின் படை சரணடைந்தது. (இதே காரன்வாலிஸ்தான் ஐந்தாண்டு கழித்துக் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார், 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவரும் இவரே. அங்கே தோற்றவர் இங்கே வென்ற இந்தத் தொடர்பை நம்மவர்கள் இன்னும் விரிவாக ஆராய வேண்டும்.)

போரில் வென்றாயிற்று. ஆனால் வென்றவர்களிடம் அரசு என்று ஒன்று இருந்ததா? 13 மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு பேரவை இருந்தது. 1781 மார்ச்சில் நடப்புக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கை அதற்கு வரி விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவற்றின் விருப்பம். இறக்குமதிச் சரக்குக்கு 5 விழுக்காடு சுங்கம் விதிக்கப் பேரவை அனுமதி கேட்டது. எல்லா மாநிலங்களும் ஒப்பினால்தான் திருத்தம் செல்லும் என்பதால், மிகச் சிறிய ரோட் தீவு மறுத்ததுமே அது விழுந்துவிட்டது. மறுபடி கேட்டபோது நியூயார்க் குறுக்கே நின்றது.

இதன் விளைவை 1783 ஜூனில் பிலடெல்பியா நகரம் கண்ணால் கண்டது. சம்பளப் பாக்கி கேட்டு ஏறத்தாழ 400 சிப்பாய்கள் துப்பாக்கிகளுடன் வந்து, பேரவை கூடியிருந்த மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டதும் அதே கட்டடத்தில்தான். காவலுக்குப் படையை அழையுங்கள் என்று பேரவை வேண்டியும் பென்சில்வேனியா மாநில அரசு அசையவில்லை. உறுப்பினர்கள் சிப்பாய்களின் ஏச்சுக்கு நடுவே வெளியேறினார்கள். சில நாளில் பேரவை நியூ ஜெர்சியில் இருக்கும் பிரின்ஸ்டனுக்கு இடம் மாறியது. பேரரசு ஒன்றைப் பணியவைத்த நாட்டின் பேரவை, தன் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஊர்விட்டு ஊர் போன கதை இது. அந்நாட்டு அரசமைப்பின் பிறப்பை ஆராய்பவர்கள் இந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாண்டில் நிலைமை இன்னும் முற்றியது. மேற்கு மாசசூசெட்ஸில் வரிச்சுமையாலும் கடனாலும் நிலம் பறிபோகும் நிலைக்கு வந்த விவசாயிகள் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். அந்தக் கிளர்ச்சியை அடக்கப் பொதுப் பேரவையால் முடியவில்லை. பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில்தான் மாநிலம் படை திரட்டியது.

1787இல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி அரசமைப்பை எழுதிய மாநாட்டைப் பற்றி நூல்கள் ஏராளம். ஒன்றை மட்டும் சொல்லாமல் கடக்க என் மனம் ஒப்பவில்லை. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அவர்களின் எசமானர்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகளைக் கொடுத்தார்கள். அடிமை வணிகத்தை 1808 வரை தடுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். 1790 கணக்கெடுப்பில் 39 லட்சம் மக்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். விடுதலையின் பெயரால் எழுந்த அரசு அவர்களுக்கு இழைத்த அநீதிக்கு எந்தச் சமாதானமும் போதாது.

புதிய பேரவை 1789 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் கூட வேண்டும். கீழவைக்குப் போதிய உறுப்பினர் வந்துசேர ஏப்ரல் 1 ஆயிற்று. மேலவைக்கு ஏப்ரல் 6. 30ஆம் தேதி வாஷிங்டன் பதவியேற்றார். ஆனால் மக்கள் அந்த அரசைக் கண்ணால் கண்டது துறைமுகத்தில்தான். ஜூலை மாதத்திலேயே சுங்கச் சட்டமும் வசூலுக்கான சட்டமும் நிறைவேறின. கப்பல் வந்து நின்றதும் சரக்கை எடை போட்டு வரி வசூலித்த சுங்க அதிகாரிதான் அந்த அரசின் முதல் முகம். எட்டாண்டு கெஞ்சியும் கிடைக்காத வருவாய், சட்டம் வந்ததும் கருவூலத்துக்கு வரத் தொடங்கியது.

பணம் வந்தது. அதை யாருக்குக் கொடுப்பது? என் உரையின் மையம் இந்தக் கேள்விதான்.

சம்பளத்துக்குப் பதிலாகப் போர்வீரர்களுக்குக் கடன்பத்திரங்கள் கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அவற்றை முகமதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றவர்கள் பலர். 1790 ஜனவரியில் நிதியமைச்சர் ஹாமில்ட்டன், பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அதற்குரிய கடன் என்று அறிக்கை தந்தார். செய்தி போய்ச் சேருமுன் மலிவாக வாங்கிக் குவிக்க முகவர்களின் கப்பல்கள் தெற்கே விரைந்தன என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அவையிலேயே குமுறினார். இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தை விலையைக் கொடுத்துவிட்டு, மீதியை முதலில் பெற்ற வீரருக்குக் கொடுக்கலாம் என்றார் அவையின் மற்றோர் உறுப்பினரான மேடிசன். பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. மேடிசனுக்கு 13 வாக்கு, எதிர்த்து 36.

கைமாறிய பத்திரத்தை மதிக்காத அரசுக்கு நாளை யாரும் கடன் தர மாட்டார்கள் என்ற ஹாமில்ட்டனின் வாதத்தில் வலு உண்டு. அந்த அரசின் நாணயம் ஐரோப்பாவில் உயர்ந்ததும் உண்மை. ஆயினும் நான் அந்த 13 பேரின் பக்கம். மேடிசன் சொன்ன கணக்கைப் போடுவது கடினம்தான். கடினம் என்பதற்காகவே கைவிடப்பட்டது வீரனின் பங்கு.

கனெக்டிகட் படையில் பதினைந்து வயதில் சேர்ந்து, போர் முடியும்வரை நின்ற ஜோசஃப் பிளம் மார்ட்டின் 1830இல் தம் போர் நினைவுகளை வெளியிட்டார். கடைசியில் கைக்கு வந்த பத்திரங்களில் சிலவற்றை உடுத்த நல்ல துணி வாங்க விற்றதாக அதில் எழுதியிருக்கிறார். பிறகு மெய்ன் பகுதியில் காடு திருத்திப் பயிரிட்டார். அந்த நிலம் தமக்குரியது என்று உரிமை கொண்டாடி வந்தவர் ஹென்றி நாக்ஸ். போரில் தளபதி, வாஷிங்டன் அமைச்சரவையில் போர்த்துறைச் செயலர். ஏழை வீரர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1818இல்தான் வந்தது. அதைப் பெற மார்ட்டின் நீதிமன்றத்தில் காட்டிய சொத்துக் கணக்கில் இருந்தவை இரண்டு பசு, ஆறு செம்மறியாடு, ஒரு பன்றி.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றியதில் அந்தப் போரின் ஆவணங்கள் பெருமளவு அழிந்தன. அதனால் பின்னாளில் ஓய்வூதியம் கேட்டவர்கள் தம் கதையை நீதிபதி முன் சத்தியம் செய்து வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தது. அப்படிப் பதிவான பல்லாயிரம் மனுக்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படித்தவர்கள் குறைவு. இந்தோனேசியாவைப் பற்றியோ அல்ஜீரியாவைப் பற்றியோ எழுதுகிறவர்களும் அரசமைப்பு விவாதங்களோடு நின்றுவிடாதீர்கள். புதிய அரசு யாருக்குக் கடன்பட்டிருந்தது, யாருக்குத் திருப்பிக் கொடுத்தது என்று கணக்கேடுகளிலும் மனுக்களிலும் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.