அத்தோவுக்கு சூப்பு சரி, மால்ட்டுக்குச் சுருட்டு எதுக்கு?

நடுவர் அய்யா அவர்களே, ராயபுரத்துக் கொசுவுக்கு ரத்ததானம் பண்ணிக்கிட்டே பொறுமையா கேட்டுக்கிட்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

சிங்கிள் மால்ட் விஸ்கியையும் உசத்திச் சுருட்டையும் ஜோடி சேர்த்துச் சுவைக்கிறது ரசனையா, பகட்டா? எதிரணித் தம்பி ரசனைன்னு பத்து நிமிஷம் உருகினாரு. ஸ்காட்லாந்துல ஐலான்னு ஒரு தீவு. சதுப்பு நிலத்துல மக்கிப்போன செடிகொடியை வெட்டிக் காயவச்சு, எரிச்சு, அந்தப் புகையில பார்லியை உலர்த்துறாங்க. புகைவாசனை விஸ்கியில இறங்குது. அதோட ஒரு கியூபா சுருட்டைப் பத்தவச்சா, புகையும் புகையும் கைகோத்துக்கிட்டு நாக்குல நாட்டியமாடுமாம். கேட்டவுடனே புரிஞ்சுபோச்சு, தம்பி எண்ணூர் பக்கம் குடியிருந்ததே இல்ல.

புகையைப் பத்தி எங்ககிட்டயா தம்பி? மணலி ரிஃபைனரிக்கு 1969-லேருந்து நாங்க பக்கத்து வீடு. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துக் கழிமுகத்துல படிஞ்சு கிடக்குது. 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அம்மோனியா கசிஞ்சப்போ, தூங்குற புள்ளைங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜனம் தெருவுல ஓடுச்சு. காத்துல புதுசா ஒரு வாசனை வந்தா, நாங்க கண்ணை மூடி ரசிக்க மாட்டோம். ஜன்னலைச் சாத்துவோம்.

சரி, இது வயித்தெரிச்சல், வாதம் ஆகாதுன்னு நடுவர் சொல்லுவாரு. வாதத்துக்கே வரேன்.

ஜோடின்னா என்ன? பாரிமுனை பக்கம் செகண்ட் லைன் பீச்சுல சாயந்திரம் போய் நில்லுங்க. 1960-கள்ல பர்மாவிலேருந்து கையில கிடைச்சதோட கப்பலேறி வந்த நம்ம ஜனம் கொண்டுவந்த அத்தோ. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், புளித்தண்ணி, வறுத்த பூண்டு, மிளகாத்தூள், மேல நொறுக்கிப்போட்ட தட்டை. எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு கொடுப்பாங்க. ரெண்டு வாய்க்குள்ள புளிப்பும் பச்சை வெங்காயக் காரமும் நாக்கைப் பிடிச்சு இழுக்கும். அப்போ பக்கத்துல வைப்பாங்க பாருங்க, வாழைத்தண்டு போட்ட சூடான சூப்பு. ஒரு மடக்குல நாக்கு தெளிஞ்சிரும், அடுத்த வாய் முதல் வாய் மாதிரியே இருக்கும். ஒண்ணு இன்னொண்ணுக்கு வழிவிடுது. அதுதான் ஜோடி.

மால்ட்டும் சுருட்டும் வழிவிடுதா? நாக்கு பிடிக்கிறது இனிப்பு, புளிப்பு, உப்புன்னு நாலஞ்சுதான். பழவாசனை, தேன்வாசனை, மரவாசனை எல்லாம் மூக்கோட வேலை. ஒரே வடிசாலையில, முளைகட்டின பார்லியில மட்டும், செம்புப் பானையில வடிச்சு, ஓக் பீப்பாயில குறைஞ்சது மூணு வருஷம் அடைச்சு வச்சாத்தான் அதுக்கு ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்னு பேரு. நம்ம பெங்களூரு அம்ருத்காரங்க 2004-ல ஸ்காட்லாந்துக்கே போய், கிளாஸ்கோவுல தங்களோட மால்ட்டை இறக்கினாங்க. அங்க பீப்பாயிலேருந்து வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாப் போகும்னா, நம்ம வெயிலுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல போயிரும். இத்தனை நஷ்டத்தைத் தாங்கிப் பீப்பாய்க்குள்ள ஒரு வாசனையை வளர்த்து உங்க கிளாஸ்ல ஊத்துறான். நீங்க என்ன பண்றீங்க? மூக்குக்கு நேரா ஒரு புகைக்கூண்டை நட்டுவைக்கிறீங்க. பூக்கடைக்குள்ள சாம்பிராணி போட்டுட்டு, மல்லி எப்படி மணக்குது பாருன்னு கேக்குற கதை.

சுருட்டுக்கும் இதே அநியாயம்தான். 'செரூட்'னு இங்கிலீஷ்காரன் சொல்றானே, அது நம்ம சுருட்டு, தமிழ்லேருந்து போன சொல்லு. 1887-ல வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவல்ல துப்பறிவாளர் தரையில கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டுன்னு கண்டுபிடிக்கிறாரு. சாம்பலுக்கே ஊர் அடையாளம் இருந்த சரக்கு அது. அதுக்குத் துணைக்கு ஒரு கிளாஸ் எதுக்கு?

எங்க பெரியப்பா ஹார்பர்ல கலாசி. ஷிஃப்ட் முடிஞ்சு காசிமேட்டுக் கல்லுமேல உட்கார்ந்து ஒரு சுருட்டை எடுப்பாரு. விம்கோ நகர்னு ஊருக்கே பேர் கொடுத்த கம்பெனியோட தீப்பெட்டி. குச்சியை உரசினதும் பத்தவைக்க மாட்டாரு. மருந்து வாசனை எரிஞ்சு அடங்கி, வெறும் குச்சி எரியுற வரைக்கும் காத்திருப்பாரு. பாதி பிடிச்சதும் நசுக்கி அணைச்சுக் காதுமேல சொருகிக்குவாரு. சம்பளத்தன்னைக்குக் குடிக்கவும் செய்வாரு, மறைக்கல. ஆனா அன்னைக்குச் சுருட்டு காதுலயே இருக்கும். ஏன் பெரியப்பான்னு கேட்டேன். "சரக்கு போட்டா சுருட்டு ருசி தெரியாதுடா. அப்புறம் அதை எதுக்கு வீணாக்கணும்?" ஓசியில கிடைச்ச ரசனை வகுப்பு அது. இன்னைக்கு ஓட்டல்ல இதுக்கு டிக்கெட் போடுவாங்க.

ஓட்டல்காரன் கணக்கு வேற. பெரிய சுருட்டு ஒண்ணு எரிஞ்சு முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் கிளாஸ் சும்மா இருக்குமா? ரெண்டாவது பெக் தானா வரும், மூணாவது சொல்லாமலே வரும். நாக்குக்கு இது ஜோடியோ இல்லையோ, பில்லுக்கு அருமையான ஜோடி.

இன்னொண்ணும் சொல்லணும், இது சிரிக்கிற விஷயமில்ல. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்ல, அதனால ஆபத்தில்லைன்னு தம்பி சொன்னாரு. வாயிலயே நிறுத்தி வைக்கிறதுதான் சிக்கலே. நிக்கோட்டின் வாய்த்தோல் வழியா உள்ள போகுது. மது அதே தோலை இளக்கி, புகையிலையோட விஷம் உள்ள இறங்க வழி பண்ணுது. வாய், தொண்டைப் புற்றுநோயில இது ரெண்டோட ஆபத்தும் கூட்டல் கணக்கு இல்ல, பெருக்கல் கணக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. பெரியப்பாவுக்குத் தொண்டையில புண்ணு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ, முதல் கேள்வி பீடி, சுருட்டு உண்டா? அடுத்தது, குடி உண்டா? ரெண்டுக்கும் தலையாட்டினாரு. டாக்டர் ரெண்டையும் சீட்டுல எழுதி, சுத்தி ஒரே வட்டமா போட்டாரு. வேறவேற நாள்லதான் சார்னு பெரியப்பா சொல்லிப் பார்த்தாரு. வட்டத்தை அழிக்கல.

நடுவர் அய்யா மணியைத் தொடுறாரு. தம்பி, கூட்டம் முடிஞ்சதும் கிளம்பிராதீங்க, செகண்ட் லைன் பீச்சுல கடை இன்னும் இருக்கும். அத்தோ என் செலவு. சூப்பு ரெண்டாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காம ஊத்துவாங்க.